கழுத்தில் தெரியும் குடற்காயம்



மருத்துவப் பொருள் ஒன்றை எல்லோருக்கும் விளங்கும் தமிழில் பேச வேண்டும் என்பது இந்த உரையை நடத்தும் அறக்கட்டளையின் நோக்கம். அறுவை மருத்துவனான நான் இன்று எடுத்துக்கொண்டது ஒரு குறுகிய பொருள். பெருங்குடலுக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி வழியாகச் சிகிச்சை செய்யும்போது எப்போதாவது பெருங்குடலில் துளை விழுகிறது. அப்படி விழுந்தால் வயிறு வலிக்கும், காய்ச்சல் வரும் என்பது மருத்துவர் எல்லோரும் அறிந்ததே. ஆனால் சிலருக்கு அந்தத் துளை வயிற்றில் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. கழுத்து வீங்குகிறது, மூச்சு முட்டுகிறது, விதைப்பை காற்றடைத்துப் பெருக்கிறது. நான் பேச வந்தது இந்த அரிய சிக்கல்களைப் பற்றி.

எப்போதோ வருவதற்கு ஒரு மாலை நேரம் எதற்கு என்று கேட்கலாம். குடலில் உள்ள காயம் கழுத்தில் தெரியும்போது, இரண்டையும் சேர்த்து நினைக்கும் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நோயாளி பிழைக்கிறார். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் இதய மருத்துவர், எலும்பு மருத்துவர், ஒவ்வாமைக்கு ஊசி என்று அலைந்து மணிக்கணக்கில் நேரம் போய்விடுகிறது. இந்தச் சிக்கல்களில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இப்படி இழந்த நேரம்தான். ஆகவே நான் சொல்ல வந்ததை ஒரே வாக்கியமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொலனோஸ்கோபி சிகிச்சை முடிந்து இரண்டு வாரத்துக்குள் உடலின் எந்தப் பகுதியில் புதிதாகத் தொல்லை வந்தாலும், வேறு காரணம் உறுதியாகும்வரை குடலைச் சந்தேகியுங்கள்.

முதலில் பயன்

இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் பயந்துபோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பங்கு பாலிப் எனப்படும் சிறிய சதை வளர்ச்சியாகவே தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டு அளவுக்குக் காலம் பிடிக்கும். அதற்குள் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் வரவிருந்த நோய் வராமலே போகிறது.

1960களின் கடைசி வரை, மலத்துளையிலிருந்து சுமார் 25 செ.மீ.க்கு அப்பால் இருக்கும் பாலிப்பை எடுக்க வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் வுல்ஃபும் 1969இல் அந்த நிலையை மாற்றினார்கள். வளைந்து செல்லும் கண்ணாடியிழைக் குழாயின் உள்ளே கம்பிச் சுருக்கு ஒன்றை நுழைத்து, பாலிப்பின் காம்பில் மாட்டி இறுக்கி, மின்சாரம் பாய்ச்சி அறுத்தார்கள். சிட்னி வினாவர் தலைமையில் நடந்த அமெரிக்கத் தேசிய பாலிப் ஆய்வு 1993இல் வெளிவந்தது. பாலிப் எடுக்கப்பட்டவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் எதிர்பார்த்த அளவைவிட 76 முதல் 90 விழுக்காடு வரை குறைந்திருந்தது. அதே நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட முடிவின்படி, அந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணமும் 53 விழுக்காடு குறைந்திருந்தது. மருத்துவத்தில் இத்தனை பெரிய நன்மை எளிதில் கிடைப்பதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் துளை விழும் வாய்ப்பு நிற்கிறது. பார்ப்பதற்கு மட்டும் கொலனோஸ்கோபி செய்தால் அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவு. சிகிச்சை சேரும்போது கூடுகிறது. பெரிய, தட்டையான பாலிப்பை அடியில் திரவம் செலுத்தி உயர்த்தி அறுத்தெடுக்கும்போது நூற்றுக்கு ஒன்று என்ற அளவை எட்டுகிறது. கட்டியை உள்சவ்வோடு சேர்த்து ஒரே துண்டாகச் செதுக்கி எடுக்கும் முறையில் நூற்றுக்கு நான்கைந்து வரை போகிறது. அந்தத் துளைகளிலும் மிகச் சிலவே நான் இன்று பேசும் வடிவத்தை எடுக்கின்றன.

துளை விழும் மூன்று வழிகள்

பெருங்குடலின் சுவர் சில மில்லிமீட்டர் கனமே கொண்டது. காற்று நிரப்பி விரிக்கும்போது அது இன்னும் மெலிகிறது. அந்த மெல்லிய சுவருக்குள் உள்சவ்வு, அதன் கீழ் இழைமப் படலம், தசை, வெளியுறை என்று நான்கு அடுக்குகள் உண்டு. தசை அடுக்கு அறுந்துவிட்டால் குடலின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையில் சொல்லிக்கொள்ளும்படியான தடுப்பு எதுவும் இல்லை.

முதல் வழி கருவியின் அழுத்தம். இடப்பக்க அடிவயிற்றில் சிக்மாய்டு என்ற வளைவான பகுதி இருக்கிறது. ஸ்கோப் எனப்படும் அந்தக் கேமராக் குழாயை முன்னே தள்ளும்போது அதன் உடற்பகுதி அங்கே சுருண்டு குடலைப் பக்கவாட்டில் நெருக்கும். துளை அதிகமாக விழும் இடம் இதுதான். இரண்டாவது காற்றழுத்தம். குழாயின் விட்டம் கூடக்கூட அதன் சுவரின் இழுவிசையும் கூடும் என்பது லாப்லாஸ் விதி. பெருங்குடலில் மிக அகன்றதும் மிக மெல்லியதும் வலப்பக்கத்துச் சீக்கம் என்ற முனைப்பகுதி. அளவுக்கு மீறிக் காற்றடைத்தால், ஸ்கோப் எட்டாத நிலையிலும் அது கிழியக்கூடும். மூன்றாவது மின்சூடு. அறுத்த இடத்தில் சூடு ஆழமாக இறங்கினால், அன்று முழுதாகத் தெரியும் சுவர் சில நாள்களில் வெந்து உதிர்ந்து துளையாகும்.

இந்த மூன்றாம் வகையைக் குடும்பங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். நோயாளி வீட்டுக்குப் போய், இட்லி சாப்பிட்டு, வேலைக்கும் போகத் தொடங்கிய பிறகு இது வருகிறது. சூடு சுவரின் முழுக் கனத்திலும் பரவி, ஆனால் துளை விழாமல் நின்றால், வலி, காய்ச்சல், இரத்தத்தில் வெள்ளணு உயர்வு மட்டும் வந்து மருந்திலேயே ஆறிவிடும். துளையும் இதே முகத்தோடுதான் வரும். இரண்டில் எது என்று வீட்டில் இருந்தபடி தீர்மானிக்க இயலாது.

காற்று போகும் பாதை

குடலில் உள்ள காற்று கழுத்துக்கு எப்படிப் போகிறது? இதை விளங்கிக்கொண்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பெருங்குடலின் சில பகுதிகள் வயிற்றறைக்குள் முழுவதும் உறை போர்த்தித் தொங்குகின்றன. வேறு சில பகுதிகள் முதுகுப்பக்கச் சுவரோடு ஒட்டிக்கிடக்கின்றன. ஏறுகுடலின் பின்பக்கமும் இறங்குகுடலின் பின்பக்கமும் மலக்குடலின் கீழ்ப்பகுதியும் அப்படிப்பட்டவை. துளை முன்பக்கம் விழுந்தால் காற்றும் மலமும் வயிற்றறைக்குள் கொட்டும். வயிறு பலகைபோல் இறுகும். யாரும் தவறவிட மாட்டார்கள். பின்பக்கம் விழுந்தால் காற்று சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்புக்குள் நுழைகிறது. அப்போது வயிறு மென்மையாகவே இருக்கும். அழுத்திப் பார்க்கும் மருத்துவர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடக்கூடும்.

அந்தக் கொழுப்புப் படலத்துக்கு நாம் நினைக்கிற எல்லைகள் கிடையாது. அது பெருந்தமனியைச் சுற்றியும் உணவுக்குழாயைச் சுற்றியும் மேலே ஏறி, வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் உதரவிதானத்தின் வாயில்களைக் கடந்து, நடுமார்பில் இதயத்தின் பின்புறம் சென்று, கழுத்தில் முடிகிறது. தலைமடையில் திறந்த நீர் கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால் வழியே ஓடிக் கடைமடை வயலில் தலைகாட்டுவதுபோல, இடுப்பருகே கசிந்த காற்று காறை எலும்பின் மேல் வந்து நிற்கிறது.

இந்த அறிவு பல கைகள் மாறி வந்தது. கனடாவில் சார்ல்ஸ் மேக்லின் 1939இலும், அவரும் மேட்ஜ் மேக்லினும் சேர்ந்து 1944இலும் நுரையீரலின் காற்றறை வெடித்தால் காற்று இரத்தக்குழாய்களின் உறை வழியே நடுமார்புக்கு நகர்வதை விளக்கினார்கள். மார்ட்டன் மேயர்ஸ் 1974இல் வயிற்றறைக்குப் பின்னே படியும் காற்றின் வடிவத்தை எக்ஸ்ரேயில் படித்து, அது எந்த உறுப்பிலிருந்து கசிந்தது என்று கணிக்கக் கற்றுத்தந்தார். மாண்டர், பியர்சன், ஹட்சன் மூவரும் 1984இல் எழுதிய கட்டுரை, கழுத்து, நடுமார்பு, வயிற்றுப் பின்புறம் ஆகிய இடங்களின் மென்திசு தொடர்ச்சியான ஒரே வெளி என்று நிறுவியது. காற்று எந்தத் திசையிலும் போகலாம் என்பது அதன் விளைவு.

நடுமார்பில் சேர்ந்த காற்றின் அழுத்தம் மிகுந்தால் நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறை கிழிந்து, மார்பறைக்குள் காற்று நிறைந்து, நுரையீரல் சுருங்கும். உதரவிதானத்திலேயே நுண்துளை உள்ளவர்களுக்கு வயிற்றறைக் காற்று நேராக மார்பறைக்கு ஏறும். கீழ்நோக்கிப் போகும் காற்று இடுப்பு மடிப்புக் கால்வாய் வழியே விதைப்பைக்கு இறங்கும். மலக்குடலில் செய்த சிகிச்சைக்குப் பின் கண்ணிமை வீங்கியதும், முதுகுத்தண்டின் உறைக்குள் காற்று தெரிந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

எதை எதுவாக நினைக்கிறோம்

மருத்துவ மாணவர்கள் இந்தப் பகுதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சிக்கலுக்கும் அது அணிந்துவரும் வேடம் ஒன்று உண்டு.

முகமும் கழுத்தும் திடீரென்று வீங்கினால் மயக்க மருந்தின் ஒவ்வாமை என்று நினைப்போம். விரல்களால் மெல்ல அழுத்திப் பாருங்கள். தோலுக்கு அடியில் நறநறவென்று உணர்ந்தால் அது காற்று. ஒவ்வாமை வீக்கத்தில் அந்த உணர்வு இருக்காது. குரல் மூக்கால் பேசுவதுபோல் மாறியிருந்தால் தொண்டைக்குப் பின்புறமும் காற்று சேர்ந்திருக்கலாம். இதயத்தின் மேல் ஸ்டெதஸ்கோப் வைத்தால், துடிப்போடு சேர்ந்து நொறுங்கும் ஓசை சிலருக்குக் கேட்கும். அமெரிக்க மருத்துவர் லூயி ஹாமன் 1939இல் விவரித்த அடையாளம் அது.

மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வந்தால் மாரடைப்பு என்று ஈ.சி.ஜி. எடுப்போம். எடுக்கத்தான் வேண்டும். அதோடு மார்பு எக்ஸ்ரேயும் எடுங்கள். நுரையீரல் சுருங்கியதும், உதரவிதானத்தின் கீழ் பிறைபோல் நிற்கும் காற்றும் ஒரே படத்தில் தெரிந்துவிடும்.

இடது தோள் வலித்தால் கழுத்தெலும்புத் தேய்மானம் என்போம். மண்ணீரலையும் பெருங்குடலின் இடது வளைவையும் ஒரு தசைநார் கட்டியிருக்கிறது. ஸ்கோப் இழுக்கும்போது அது மண்ணீரலின் உறையைக் கிழித்துவிடலாம். உதரவிதானத்தின் கீழ் தேங்கும் இரத்தம் நரம்பைச் சீண்ட, வலி தோளில் தெரியும். 1974இல் முதன்முதலாகப் பதிவான இந்தச் சிக்கலில் குடலில் துளையே இருக்காது. நோயாளி வெளிறி, நாடி வேகமாகி, இரத்த அழுத்தம் இறங்கினால் காத்திருக்க நேரமில்லை.

காய்ச்சலோடு இடுப்பு வலித்து, காலை நீட்ட முடியாமல் நொண்டினால் இடுப்பு மூட்டு வாதம் என்று அனுப்பிவிடுவோம். பின்பக்கத் துளையிலிருந்து கசிந்த கிருமி தொடையை மடக்கும் பெருந்தசைக்குள் சீழாகத் தேங்கினாலும் இதே நடைதான். மலக்குடல் துளைக்குப் பின் விதைப்பைத் தோல் சிவந்து, கறுத்து, தாங்கமுடியாத வலி வந்தால் அது வேகமாகப் பரவும் திசு அழுகல். அன்றைக்கே அறுவை வேண்டும். இங்கே காற்று தானாக வடிந்துவிடும் என்று காத்திருந்தால் உயிர் போய்விடும்.

சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே வருவது ஒன்று உண்டு. துளை விழுந்தது தெரியாமல் காற்றைத் தொடர்ந்து செலுத்தினால் வயிறு முரசாக இறுகி, கீழ்ப்பெருஞ்சிரையை நெரித்து, இதயத்துக்கு இரத்தம் திரும்புவதை நிறுத்தும். இரத்த அழுத்தம் சட்டென விழும். தடித்த ஊசி ஒன்றை வயிற்றில் குத்திக் காற்றை வெளியேற்றுவதே அப்போது உயிர்காக்கும் வேலை. ஸ்கேனுக்கு அனுப்ப நினைத்தால் நோயாளி வழியிலேயே இறந்துவிடலாம்.

இன்னொன்று, குடலுக்குள் வெடிப்பு. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜனையும் மீத்தேனையும் உண்டாக்குகின்றன. போதிய அளவு சேர்ந்து, ஆக்சிஜனோடு கலந்து, மின்பொறி பட்டால் அவை வெடிக்கும். பிரான்சில், குடலைக் கழுவ மானிட்டால் என்ற சர்க்கரை வகை கொடுக்கப்பட்ட நோயாளிக்குப் பாலிப் அறுக்கும்போது வெடிப்பு ஏற்பட்டு அவர் இறந்தார். 1979இல் அது இதழில் வெளியானது. நுண்ணுயிர்கள் மானிட்டாலைப் புளிக்கவைத்து ஹைட்ரஜனைப் பெருக்கியிருந்தன. அந்த ஒரு மரணத்தை ஒளிக்காமல் எழுதியதால், மின்சாரம் பயன்படுத்தும் கொலனோஸ்கோபிக்கு மானிட்டால் கொடுக்கும் வழக்கம் பெரும்பாலான இடங்களில் கைவிடப்பட்டது. அதன் பிறகு காப்பாற்றப்பட்டவர்களுக்குத் தாங்கள் காப்பாற்றப்பட்டதே தெரியாது.

செய்ய வேண்டியவை

சந்தேகம் வந்ததும் சி.டி. ஸ்கேன். எக்ஸ்ரேயில் ஒளிந்துகொள்ளும் பின்பக்கக் காற்றையும் அது காட்டும். காற்று நிறையத் தெரிந்தால் துளை பெரியது என்று கொள்ளக் கூடாது. எவ்வளவு நேரம் காற்று செலுத்தப்பட்டது என்பதைப் பொறுத்தே அளவு அமையும். நோயாளியின் நிலைதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். குடல் நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டு, வயிறு மென்மையாகவும் நாடியும் அழுத்தமும் நிலையாகவும் இருந்தால், வாய்வழி உணவை நிறுத்தி, சிரைவழித் திரவமும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்து, அறுவை மருத்துவர் அடிக்கடி வந்து பார்த்துக் காத்திருக்கலாம். கழுத்தில் நின்ற காற்று சில நாள்களில் தானே உறிஞ்சப்பட்டுவிடும். நுரையீரல் கணிசமாகச் சுருங்கியிருந்தால் மார்பில் குழாய் வைக்க வேண்டும். வயிறு இறுகினாலோ நிலை மோசமானாலோ அறுவை அரங்கம்.

மயக்க மருத்துவருக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. மார்பறையில் காற்று இருக்கும் நோயாளிக்கு, குழாய் வைக்காமல் செயற்கைச் சுவாசம் கொடுத்தால் அழுத்தம் கூடி இதயம் நின்றுபோகலாம். நைட்ரஸ் ஆக்சைடு வாயு அடைபட்ட காற்றுப் பைகளுக்குள் புகுந்து அவற்றைப் பெருக்கும். ஆகவே கொலனோஸ்கோபி செய்தவரும் அறுவை செய்பவரும் மயக்கம் கொடுப்பவரும் முதலில் ஒன்றாக நின்று பேச வேண்டும்.

துளையை அப்போதே கண்டால் அப்போதே மூடலாம். உள்ளிருந்தபடியே உலோகக் கிளிப் போட்டுப் பெருங்குடல் துளையை மூடியதை ஜப்பானிய மருத்துவர்கள் 1997இல் பதிவுசெய்தார்கள். அறுத்த பிறகு அந்த இடத்தை நின்று நிதானமாகப் பார்க்கும் பழக்கம் இதற்கு அடிப்படை. நீலச் சாயம் கலந்த திரவம் செலுத்தி அறுத்திருந்தால், நீலத் தரையின் நடுவே வெண்சாம்பல் வட்டம் தெரியும்போது தசை அறுந்திருக்கிறது என்று பொருள். ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2011இல் விவரித்த இந்த அடையாளத்தைக் கண்டதும் கிளிப் போட்டால், நான் இதுவரை சொன்ன சிக்கல்களில் பல தொடங்குவதே இல்லை.

தடுப்பிலும் இரண்டு எளிய வழிகள் வந்துவிட்டன. 10 மி.மீ.க்கும் குறைவான பாலிப்புகளை மின்சாரம் இல்லாமல் சுருக்குக் கம்பியாலேயே அறுத்துவிடலாம். சூடு இல்லாவிட்டால் நாள்கழித்து வரும் துளைக்குக் காரணமும் இல்லை. சாதாரணக் காற்றுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு செலுத்தினால், கசிந்தாலும் அது இரத்தத்தில் கரைந்து மூச்சு வழியே விரைவில் வெளியேறிவிடும். வெடிக்கும் அபாயமும் குறையும். பாலிப் சிகிச்சையில் அது பாதுகாப்பானது என்று 1974இலேயே எழுதினார்கள். பெரிய பாலிப் எடுக்கும் ஒவ்வொரு அறையிலும் அந்தச் சிலிண்டர் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அரைத்தாள் தமிழ்

இத்தனையும் மருத்துவமனைக்குள் நடப்பவை. நம் ஊரில் ஆபத்து பெரும்பாலும் வெளியே காத்திருக்கிறது. மாவட்டத் தலைநகரிலோ சென்னையிலோ மதுரையிலோ கொலனோஸ்கோபி செய்துகொண்டு அன்றைக்கே பேருந்து ஏறி ஊர் திரும்புபவர்கள் ஏராளம். மூன்றாம் நாள் இரவு கழுத்து வீங்கினால் அவர்கள் போவது பக்கத்துத் தாலுகா மருத்துவமனைக்கு. அங்கே இருக்கும் இளம் மருத்துவருக்கு மூன்று நாள் முன்பு குடலில் பாலிப் எடுத்தது தெரியாது. நோயாளியும் சொல்லமாட்டார். குடலுக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் நினைப்பது இயல்பு. அவர் பையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் அதைப் படிக்க ஆள் இருக்காது.

ஆகவே கொலனோஸ்கோபி செய்யும் ஒவ்வொரு இடத்துக்கும் என் வேண்டுகோள், நோயாளி கையில் தமிழில் அரைத்தாள் கொடுங்கள். அதில் இவ்வளவு இருந்தால் போதும். இன்று உங்கள் பெருங்குடலில் இன்ன பக்கத்தில் பாலிப் எடுத்திருக்கிறோம். இரண்டு வாரத்துக்குள் வயிற்றுவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தோள்வலி, கழுத்திலோ முகத்திலோ விதைப்பையிலோ வீக்கம், குரல் மாற்றம், மலத்தில் இரத்தம், தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். முடியாவிட்டால் 108ஐ அழையுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் இந்தத் தாளைக் காட்டுங்கள். மருத்துவரே, குடலில் துளை இருக்கக்கூடும். மார்பு எக்ஸ்ரேயும் சி.டி.யும் எடுத்துவிட்டு இந்த எண்ணில் எங்களை அழையுங்கள். அந்த எண்ணை இரவு இரண்டு மணிக்கும் எடுக்க ஆள் வேண்டும்.

இதற்கு அரசாணை வேண்டாம், பெரிய செலவு இல்லை. சம்மதக் கையெழுத்து வாங்கும்போதே இந்தத் தாளை வாசித்துக் காட்டினால், நோயாளியும் உறவினரும் ஆபத்தை முன்கூட்டியே அறிந்துகொள்கிறார்கள். துளை விழுந்துவிட்டால் உடனே, ஒளிக்காமல், அவர்கள் முகம் பார்த்துச் சொல்லுங்கள். முதலிலேயே நடந்ததைச் சொன்ன மருத்துவரைக் குடும்பங்கள் எளிதில் கைவிடுவதில்லை.

இளம் மருத்துவர்களுக்கு ஒரு சொல். நான் இன்று சொன்ன சிக்கல்களில் பல, யாரோ ஒரு மருத்துவர் தன் கையில் நேர்ந்ததை வெட்கப்படாமல் எழுதியதால் நமக்குத் தெரிந்தவை. நீங்களும் எழுதுங்கள். உங்கள் துறையின் கூட்டத்தில் சொல்லுங்கள். பெயர் மறைத்து, நடந்ததை மறைக்காமல், எந்த மணிக்கு என்ன செய்தோம், எதை எதுவாக எண்ணினோம் என்று பதிவு செய்யுங்கள். இன்னொரு ஊரில் அதே வீக்கத்தோடு ஒருவர் வரும்போது, அங்கே பணியில் இருக்கும் மருத்துவர் சரியான கேள்வியைக் கேட்க உங்கள் பதிவு உதவும்.

அந்தக் கேள்வி எளியது. “கடந்த இரண்டு வாரத்தில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்களா?” அவசரப் பிரிவில் கழுத்து வீக்கத்தோடும் காரணம் தெரியாத மூச்சுத்திணறலோடும் வரும் ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்பதை வழக்கமாக்குங்கள் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.